அக்கரைப் பச்சை

ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு நாடு, அந்தப் பக்கம் ஒரு நாடு. அக்காவை அந்தப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவளும் அவள் புருஷனும் ஆரஞ்சுத் தோப்பு வைத்திருந்தார்கள். தம்பி இந்தப் பக்கத்திலேயே மரம் அறுக்கும் மெஷின்கள் வாங்கி, ஆள் அம்போடு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தான். நடுவில் பிறந்தவளை வீட்டில் ‘அளவுக்காரி’ என்று கூப்பிடுவார்கள். சின்ன வயதில் ஒரு பண்டத்தை மூன்றாகப் பிட்டால், மூன்றையும் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவாள். அந்தப் புத்திக்கு ஏற்ற உத்தியோகமே பிற்பாடு கிடைத்தது. வேளாண்மைப் புள்ளிவிவர அலுவலகத்தில் நிலக்கணக்கு.

அந்த வருஷம் அவளுக்கு வந்த வேலை இதுதான்: வருஷா வருஷம் உழுது விதைக்கிற நிலம் கணக்கில் வராது, ஒரு தரம் நட்டால் பல காலம் நின்று காய்க்கிற மரங்கள் உள்ள நிலம் மட்டும் வரும். நிரந்தரப் பயிர் நிலம். அது இங்கே எவ்வளவு, பக்கத்து நாட்டில் எவ்வளவு, ஒரு தலைமுறைக் காலத்தில் எப்படி மாறியது என்று ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். அவள் பழைய சாட்டிலைட் படங்களை எல்லாம் தோண்டி எடுத்து, ஒவ்வொரு தோப்பாகக் கோடு கட்டி உட்கார்ந்தாள். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது வெறும் பேச்சில்லை என்று திரையிலேயே தெரிந்தது. பழைய படத்தில் இரண்டு கரையும் ஒரே பச்சை. போகப் போக இந்தக் கரை மட்டும் மஞ்சளாகி, சாம்பலாகி, கடைசியில் கட்டம் கட்டமாக வீட்டுமனை ஆகியிருந்தது. அந்தக் கரையில் மலையடிவாரம் வரைக்கும் மரம் ஏறிப் போயிருந்தது.

அறிக்கையில் வரைபடம் போட்டு இரண்டு கோடு வரைந்தாள். நம் கோடு இறங்கியது, அவர்கள் கோடு ஏறியது. நடுவே ஒரு இடத்தில் இரண்டும் குறுக்கே வெட்டிக்கொண்டன. கீழே காரணமும் எழுதினாள்: இங்கே தோப்புகளை அழித்து மனை போட்டார்கள், செங்கல் சூளைக்கு விறகாக்கினார்கள். இயக்குநர் படித்துப் பார்த்து, “படம் நல்லா இருக்கும்மா. கீழ இருக்கிற வியாக்கியானம் எதுக்கு?” என்று காரணத்தை மட்டும் அடித்துவிட்டு மேலே அனுப்பினார். அவளும் வாயை மூடிக்கொண்டாள். மேலதிகாரி அடித்ததைத் திரும்ப எழுதுகிற வழக்கம் அந்த அலுவலகத்தில் கிடையாது.

காரணம் இல்லாத படம் கண்ணில்லாத குதிரை மாதிரி. யார் கடிவாளத்தைப் பிடித்தாலும் அவன் பின்னால் போகும். பிடித்தவன் ஒரு மேடைப் பேச்சாளன். சங்குத் தொண்டை என்று ஊர் அவனுக்குப் பேர் வைத்திருந்தது. மைக் இல்லாமலே மூன்று தெருவுக்குக் கேட்கும். மனை போட்டு விற்றதில் பாதி அவன் மச்சினன்மார் போட்டதுதான். அதை அவன் சொல்லவா போகிறான்? அந்த இரண்டு கோட்டையும் ஆள் உயரத் துணியில் வரைந்து, லாரியில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனான்.

“பாருங்கடா! அவன் கோடு ஏறுது, நம்ம கோடு இறங்குது. ஏன்? நம்ம ஆத்துத் தண்ணிய உறிஞ்சி அவன் மரம் வளக்குறான். நம்ம மரத்தோட உசுரு அங்க நிக்குதுடா, அங்க!”

இரண்டு வருஷமாக மழை சரியில்லை. வேலை இல்லை. மனை வாங்கிப் போட்டவனுக்குக் குழாயில் காற்றுத்தான் வந்தது. எரிகிற வயிற்றில் எண்ணெய் ஊற்றின மாதிரி ஆயிற்று. தன் மூக்கை அறுத்துக்கொண்டாவது எதிரிக்குச் சகுனத்தடை செய்ய வேண்டும் என்கிற வெறி தெருத் தெருவாகப் பிடித்தது. “நம்ம கோட்டை ஏத்த முடியலன்னா அவன் கோட்டை இறக்குவோம்” என்று சுவரில் எழுதினார்கள்.

கடைசிப் பெரிய கூட்டம் கடைவீதியில் நடந்தது. கோடு போட்ட அம்மாவே வந்து பேசட்டும் என்று சங்குத் தொண்டை இயக்குநருக்குச் சொல்லி அனுப்பினான். அவரும் “ரெண்டு நிமிஷம் நின்னுட்டு வந்துடுங்கம்மா, பொல்லாப்பு வேண்டாம்” என்று காரில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

மேடையில் ஏறி நின்று பார்த்தாள். கீழே கோடரி, வெட்டரிவாள், இரும்புக் குழாய். ஓரமாகத் தம்பியின் வேன் நின்றது. அதில் மெஷின்கள் அடுக்கியிருந்தன. தம்பி கதவில் சாய்ந்து நின்று அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்போதுதான் அவளுக்குள் ஏதோ அறுந்தது. மைக்கைப் பிடித்தாள்.

“அந்தக் கோட்டை நான்தான் போட்டேன். அதுக்குக் கீழ ஒரு காரணம் எழுதியிருந்தேன், அதை அடிச்சுட்டாங்க. இப்ப சொல்றேன். நம்ம மரத்தை அவங்க யாரும் வெட்டல. நாமதான் வெட்டினோம். நீங்க நிக்கிற இந்தக் கடைவீதியே எலுமிச்சைத் தோப்பா இருந்த இடம். அதை வெட்டி மனை போட்டது யாருன்னு இந்தக் கூட்டத்தைக் கூட்டினவரைக் கேளுங்க.”

 ஒரு நாற்காலி பறந்து வந்து அவள் வாயில் விழுந்தது. பல் உடைந்து நாக்கில் குத்தியது. யாரோ தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து மேடையிலிருந்து கீழே இழுத்தான். “அக்கரைக்காரன் கைக்கூலி!” என்று ஒருத்தி அவள் விலாவில் மிதித்தாள். செருப்பு, கல், முழங்கை என்று எது எங்கே விழுகிறது என்றே தெரியவில்லை. கண்ணைத் திறந்தால் கால்கள்தான் தெரிந்தன. அந்தக் கால்களுக்கு நடுவே ஒருவன் குனிந்து, அவளை மூட்டையாகத் தோளில் போட்டுக்கொண்டு முட்டி மோதி ஓடினான். தம்பி.

வேனை எடுத்து ஊருக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தினான்.

“உனக்குப் பைத்தியமா சின்னக்கா? புலி வாயில கையை விட்டு நாக்கு எவ்வளவு நீளம்னு அளப்பியா?”

“மெஷின் எல்லாம் யாருக்குடா?”

அவன் கண்ணாடி வழியாகச் சாலையையே பார்த்தான்.

“கேக்குறேன்ல?”

“நாளைக்குக் காலைல ஆத்தைத் தாண்டுறாங்க. தண்ணி முழங்கால் அளவுதான் இருக்கு. என் மெஷின் எல்லாத்தையும் வாடகைக்கு எடுத்துக்கிட்டாங்க. வழி காட்ட நானும் போறேன்.”

“அங்க பெரியக்கா இருக்காடா!”

“அதுக்குத்தான் போறேன்! நான் போகலன்னா வேற எவனாவது வழி காட்டுவான். அவ தோப்புப் பக்கம் போகக் கூடாதுன்னு பேசி வச்சிருக்கேன். சங்குத் தொண்டை என் தலையில கை வச்சுச் சொன்னான்.”

“ஓநாய்க்கு வழியும் காட்டிட்டு, ஆட்டையும் காப்பாத்தப் போறியா?” வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பிவிட்டு அவள் வேனை விட்டு இறங்கினாள். அவன் கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை.

அன்று சாயங்காலமே பாலத்தைக் கடந்துவிட்டாள். அலுவலகச் சீட்டு இருந்ததால் அக்கரைக் காவல் சாவடியில் விட்டார்கள். வீங்கிப்போன வாயைப் பார்த்து ஒரு காவல்காரன், “பல் கட்ட இந்தப் பக்கம்தான் மலிவா?” என்று சிரித்தான். நாளைக்கு ஆற்றில் இறங்கி வருகிறார்கள் என்று அவனிடம் சொன்னாள். “பொழுதன்னிக்கும் இதே வதந்திதாம்மா” என்று சொல்லிவிட்டான்.

அக்கா வாசலிலேயே அவளைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். “எந்தப் பாவிடி அடிச்சான்?”

எல்லாவற்றையும் சொன்னாள். தம்பி வழி காட்டி வருவதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. அத்தான் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். சுபாவத்தில் சாது. காட்டுப்பன்றியை விரட்ட ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தான். அதையும் வானத்தைப் பார்த்துத்தான் சுடுவான். “பன்னியும் பிள்ளைகுட்டிக்காரன்தானே” என்பான்.

“கிளம்புங்க அத்தான். மரம் போனா போகுது. உசுரு இருந்தா நட்டுக்கலாம்.”

“காய்ப்புக்கு வர்ற வரைக்கும் என்னத்தைத் திங்கிறது?” என்றாள் அக்கா. “வந்தா வரட்டும். நான் எங்கயும் நகர மாட்டேன்.”

அத்தான் எழுந்து போய்த் துப்பாக்கியைத் துடைக்க ஆரம்பித்தான்.

காலையில் முதலில் கேட்டது சத்தம்தான். தூரத்தில் வண்டுக்கூட்டம் மாதிரி ஒரு ரீங்காரம். கிட்டே வர வர அது பல்லைக் கூசவைத்தது. மரம் விழும் சத்தம் கேட்டது. ஒன்று விழுந்து அடங்குவதற்குள் இன்னொன்று. பக்கத்துத் தோப்புக்காரர் கைகளை விரித்துக்கொண்டு எதிரே போனதை இரண்டு பெண்களும் பழம் தரம் பிரிக்கிற கொட்டகைக்குள்ளிருந்து பார்த்தார்கள். அவரோடு யாரும் பேசக்கூட இல்லை. இரும்புக் குழாய் ஒன்று அவர் தலையில் இறங்கியது. மனிதர் மடங்கி விழுந்தார். பின்னால் வந்த டிராக்டர் அவர் கால் மேல் ஏறிப் போனது. அவருடைய வைக்கோல் போரில் தீ வைத்தார்கள். காய்த்த மரங்களைத் தரையோடு அறுத்துத் தள்ளினார்கள். பழங்கள் உருண்டு ஓடின. அதைப் பொறுக்கித் தின்றுகொண்டே அறுத்தார்கள். சிலர் சிரித்தார்கள். ஏதோ நல்ல காரியத்துக்கு வந்தவர்கள் மாதிரி ஒருத்தன் பாடினான்.

தீ காற்றில் தாவி அக்காவின் மோட்டார் கொட்டகையைப் பிடித்தது. அத்தான் துப்பாக்கியும் கையுமாக அங்கே ஓடினான். அந்த நேரம் பார்த்துக் கூட்டம் வரப்பைத் தாண்டியது.

வரப்பில் தம்பி நின்றான். கையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கொட்டகைக்குள்ளிருந்த அக்கா அப்போதுதான் அவனைக் கண்டாள். “இவனா? இவனும் வந்திருக்கானா?” என்று தங்கையின் தோளை நகம் பதியப் பற்றினாள்.

“பாருக்கா, பாரு. நம்ம பக்கம் முதுகு காட்டி நிக்கிறான்.”

ஆமாம். தோப்புக்கு முதுகையும் கூட்டத்துக்கு முகத்தையும் காட்டி அவன் நின்றான். “இதுக்கு மேல கிடையாது. இது எங்க அக்கா தோப்பு. நேத்தே பேசினது. திரும்புங்க” என்று கத்தினான். சங்குத் தொண்டை அங்கே இல்லை. அவன் ஆற்றைத் தாண்டவே இல்லை. இக்கரையில் லாரி மேல் நின்று பேசிக்கொண்டிருந்தான். யாரிடம் பேசியதை யார் காப்பாற்றுவது?

“அக்காவுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமாடா?” என்று ஒரு தடியன் கோடரியோடு முன்னால் வந்தான். தம்பி நகரவில்லை. தடியன் அவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளிவிட்டு, அவனைச் சுற்றிக்கொண்டு முதல் மரத்தில் கோடரியைப் பாய்ச்சினான். தம்பி திரும்பி மெஷினை வீசினான். முழங்கைக்குக் கீழே தடியனின் கை பிளந்து தொங்கியது. அவன் போட்ட கூச்சலில் மெஷின் சத்தமே அமுங்கிப் போயிற்று. ரத்தம் மரத்தின் அடியில் குபுகுபுவென்று கொட்டியது. கூட்டம் ஒரு எட்டுப் பின்வாங்கியது. தம்பி மறுபடி அவர்கள் பக்கம் திரும்பி, ரத்தம் சொட்டும் மெஷினைத் தூக்கிப் பிடித்தான். “வாங்கடா! இன்னும் எவன் வரான்?”

அப்போதுதான் அத்தான் புகைக்குள்ளிருந்து வெளியே வந்தான். கண்ணெல்லாம் எரிந்து சிவந்திருந்தது. தன் மரத்தடியில் ஒருவன் ஓடுகிற மெஷினோடு நிற்கிறான் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரிந்தது. துப்பாக்கியை இந்தத் தரம் வானத்துக்குத் தூக்கவில்லை.

“அத்தான்! வேண்டாம்! தம்பி!” அளவுக்காரி கொட்டகைக் கதவை உதைத்துத் திறந்துகொண்டு ஓடினாள். உடைந்த வாயிலிருந்து சொல் முழுசாக வரவில்லை. இரண்டு குழலும் வெடித்தன.

தம்பி முகங்குப்புற விழுந்தான். மெஷின் மண்ணைக் கிளறிக்கொண்டு சுற்றி, இருமி, நின்றது. துப்பாக்கி என்றதும் கூட்டம் சிதறியது. ஓடுகிற ஓட்டத்திலும் ஓரத்து வரிசைகளை அறுத்துத் தள்ளிக்கொண்டே போனார்கள். தடியன் கையை வயிற்றோடு கட்டிக்கொண்டு தள்ளாடிப் போனான்.

அத்தான் கிட்டே வந்து அவனைப் புரட்டினான். பார்த்த உடனே புரியவில்லை. “மச்சான்?” என்றான். “மச்சான், நீ எங்கய்யா இங்க?” என்று, விருந்துக்கு வந்தவனைக் கேட்பது மாதிரி கேட்டான். தம்பியின் உதடு ஒரு முறை அசைந்தது. அவ்வளவுதான்.

“இவனும் அவங்களோட மரம் அறுக்கத்தானே வந்தான்?” அத்தான் பெண்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அவன் பிழைத்துப் போவான். அக்கா வாயைத் திறக்கவில்லை. அளவுக்காரிதான் சொன்னாள்.

“இல்ல அத்தான். உங்க மரத்தைக் காவல் காத்துக்கிட்டு நின்னான். குண்டு முதுகுலதான் பட்டிருக்கு, பாருங்க.”

அவன் பார்த்தான். பிறகு துப்பாக்கியைத் திருப்பித் தன் தாடைக்குக் கீழே வைத்தான். இரண்டு குழலும் காலி. விசை ‘டிக்’ என்றது. அக்கா பாய்ந்து அதைப் பிடுங்கி, அதன் கட்டையாலேயே அவன் தோளில் அடித்தாள். அடித்தாள், அடித்தாள், கட்டை விரியும்வரை அடித்தாள். அவன் தடுக்கவில்லை. தோள்பட்டை எலும்பு முறிந்த சத்தம் தங்கைக்குக் கேட்டது.

“சாகுறதா இருந்தா அப்புறம் சாவு. நீதானே போட்ட. குழியை நீயே தோண்டு.”

முறிந்த தோளோடு அவன் தோண்டினான். மண்வெட்டி பிடிக்க முடியாமல் போனபோது கையால் பறித்தான். இக்கரைக்குக் கொண்டுபோனால் சங்குத் தொண்டை பிணத்தை லாரியில் ஏற்றித் தியாகி ஆக்குவான், அக்கரைப் பட்டாளம் வந்தால் சாட்சிக்கென்று தூக்கிப் போகும் என்று அக்காவுக்குத் தெரியும். “என் தம்பி. ஒரு நாய்க்கும் தர மாட்டேன்” என்றாள். பட்டாளத்து ஜீப்புகள் வருவதற்கு முன்னால் மண்ணைத் தள்ளி மூடி, மேலே அறுந்து கிடந்த கிளைகளை இழுத்துப் போட்டார்கள்.

அடுத்த வாரம் அந்தப் பக்கத்தார் புல்டோசரோடு ஆற்றைத் தாண்டினார்கள். இந்தக் கரையில் மிச்சம் மீதி இருந்த நாலு தோப்பும் போயிற்று. அதில் ஒரு குடும்பம் வீட்டோடு நசுங்கியது. சங்குத் தொண்டைக்கு மந்திரி பதவி கிடைத்தது. அளவுக்காரி வேலையை விட்டாள். விடாவிட்டாலும் நீக்கியிருப்பார்கள். அவள் குடியிருந்த வீட்டுக் கதவை உடைத்துச் சாமான்களைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். கட்டிய துணியோடு பாலம் கடந்து அக்கா வீட்டு வாசலில் போய் நின்றாள்.

அக்கா வெளியே வந்து ஓங்கி ஒரு அறை விட்டாள்.

“உன் கோடு இல்லாட்டி அவன் இருந்திருப்பான்.”

“ஆமாக்கா.”

“இயக்குநர் அடிச்சப்பவே கத்தியிருந்தா என்ன? மேடையில போய்க் கத்தினியே, அப்பவே கத்தியிருந்தா?”

 அந்தக் கேள்வியை அவளே தன்னிடம் கேட்டுக் கேட்டுப் புண்ணாகியிருந்தாள். அக்கா வழியை விட்டு ஒதுங்கி நின்றாள். “உள்ள வா. நின்னு வேடிக்கை பாக்குறாங்க.”

சிதறி ஓடியவர்கள் வழியே சேதி பரவி, அத்தானுக்கு அந்த நாட்டில் பெரிய பேர். எல்லையைத் தாண்டி வந்தவனைச் சுட்டு வீழ்த்திய விவசாயி என்று பத்திரிகையில் போட்டார்கள். பதக்கம் கொடுக்கக் கூட்டம் போட்டார்கள். அவன் கழுத்தில் துணி கட்டித் தொங்கவிட்ட கையோடு மேடை ஏறினான். “நான் சுட்டது என் பெண்டாட்டியோட தம்பியை. என் தோப்பைக் காப்பாத்த நின்னவனை, முதுகுல சுட்டேன். இது எதுக்கு எனக்கு?” என்று பதக்கத்தைக் கலெக்டரின் மேசை மேல் வைத்தான். மேடைக்குப் பின்னாலேயே அவனைக் குப்புறத் தள்ளி மிதித்து வண்டியில் ஏற்றினார்கள். கொன்றதற்கு வழக்கு இல்லை. நாட்டை அவமதித்ததற்குத்தான் வழக்கு, ஜெயில்.

அக்கா ஒரு முறைகூட ஜெயிலுக்குப் பார்க்கப் போகவில்லை. தங்கைதான் போய் வந்தாள். அவள் போகும்போது அக்கா சோற்றைக் கட்டிக் கொடுக்க மாட்டாள். ஆனால் அன்றைக்கு மட்டும் சோறு கூடுதலாக வடித்து அடுப்படியில் வைத்திருப்பாள். தங்கை எடுத்துக் கட்டிக்கொள்வாள்.  பகலெல்லாம் இருவரும் அறுபட்ட மரங்களின் அடிக்கட்டைகளோடு பாடுபட்டார்கள். ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே துளிர்த்ததெல்லாம் காட்டு இனம், புளிப்பு. அதில் நல்ல மரத்து மொட்டை வைத்துக் கட்ட வேண்டும். பத்துக் கட்டினால் நாலு பிடிக்கும்.

அத்தானை ஜெயிலிலிருந்து விட்டபோது மழைக்காலம். தாடியும் கூனுமாகத் தானே நடந்து வந்து வரப்பில் நின்றான். வீட்டுக்கு வரவில்லை. நனைந்துகொண்டே நின்றான். அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டாள். அந்தத் தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி அவள் அழுகை கேட்டது. தம்பி செத்த நாளிலிருந்து அவள் அழுது தங்கை பார்த்ததில்லை.

அளவுக்காரி போய் அத்தானைக் கூட்டி வந்தாள். அவன் குளியலறைக் கதவுக்கு வெளியே, சொட்டச் சொட்ட நின்றான். தட்ட அவனுக்குத் துணிவில்லை. அவள் கொடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

நெடுநேரம் கழித்துக் குழாய் நின்றது. தாழ் விலகும் சத்தம் கேட்டது.

“துடைச்சுக்க. தரையெல்லாம் ஈரம்” என்றாள் அக்கா.